கண்டுக்காமல் போனவர்கள்

என் கணவர் தன் அண்ணா வீட்டுக் கல்யாணத்தில் சொந்த அண்ணாவையே கண்டுக்காமல் போனார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் உறவுக்காரர்கள் இன்றுவரை அதை அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் வாயை மூட என்னால் முடியவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மண்டப வாசலில் சந்தனம், கல்கண்டு வைத்த மேஜைக்குப் பக்கத்தில் அண்ணா சம்பந்தியோடு நின்றுகொண்டிருந்தார். பிள்ளை கல்யாணம், முகமெல்லாம் சிரிப்பு. நாதஸ்வரம் காதைக் கிழித்தது. தம்பி வருவதைப் பார்த்ததும் அண்ணா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். இவரோ அந்தக் கைகளை ஒட்டியே நடந்து, நேராகப் போய் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த நான், காற்றில் நின்ற அண்ணாவின் கைகளைப் பார்த்தேன். சம்பந்தி மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் இன்னும் மோசம்.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணா நேராக இவர் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏண்டா, சம்பந்தி முன்னாடி என்னைக் கண்டுக்காம போறே? அவ்வளவு பெரிய மனுஷனாயிட்டியா?"

"எப்ப அண்ணா? நான் பார்க்கவே இல்லையே."

"பார்க்கலையா? உன் தோள்ல என் விரல் பட்டுது. பார்க்கலையாம்!"

நம் பேச்சில் இந்தச் சொல் ஒரு பெரிய தொல்லை. கண்டுகொள்வது என்றால் பார்ப்பதும்தான், மதிப்பதும்தான். ஒருவரை மதிக்கவில்லை என்பதற்கு, கண்டுக்கவில்லை என்கிறோம். அதனால் 'நான் பார்க்கவில்லை' என்று உண்மையைச் சொன்ன மனிதரை, அவமானம் செய்ததோடு பொய்யும் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று மட்டும் இவர் 'தப்புத்தான் அண்ணா, கோவத்துல போயிட்டேன்' என்று சொல்லியிருந்தால் அண்ணா மன்னித்திருப்பார். எங்கள் குடும்பத்தில் கோபத்துக்கு மன்னிப்பு உண்டு.

அண்ணா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நிரூபித்தால்தான் நம்புவார், ஒருமுறை நம்பிவிட்டால் கடப்பாரை போட்டாலும் நகர மாட்டார். உத்தர வீதியில் அவர் வீடு, சித்திரை வீதியில் எங்கள் வீடு. கூப்பிடு தூரம்தான். மாமனாருக்கு ஸ்ராத்தத்தை அதுவரை அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் அண்ணாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. இவர் வேறு வைதிக வாத்தியாரை வைத்து எங்கள் வீட்டிலேயே தனியாகப் பண்ணினார். ஒரே தகப்பனுக்கு ஒரே நாளில் இரண்டு வீட்டில் பிண்டம்.

கல்யாணத்துக்கு முன்பே வேறு சில விஷயங்களும் நடந்துகொண்டுதான் இருந்தன. கையருகே வைத்த காபி டம்ளரைத் தட்டிவிடுவார். நான் கத்துவேன். இன்றைக்கும் காபியைக் கொட்டினால் கத்துவேன், அது வேறு. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். தெருவில் பக்கத்தில் போகிறவர்கள் "என்ன ஸ்வாமி, சௌக்யமா?" என்று கை கூப்பினால் பதில் கூப்ப மாட்டார். பாதிப் பேர் அவருக்குத் தலைக்கனம் என்றார்கள். கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது ஒருநாள் உள்ளங்கை ஓரிடத்தில் இருக்க, தீர்த்தம் வேறிடத்தில் விழுந்தது. அர்ச்சகர் "கையைப் பார்த்து நீட்டுங்கோ" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

கண்ணில் கோளாறு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் இருந்தது. அவர் வருஷம் தவறாமல் கண் டெஸ்ட் பண்ணிக்கொண்டவர். தில்லைநகரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. போய் உட்கார்ந்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிடுவார். கடைக்காரப் பையன் "சூப்பர் சார்" என்பான். கிட்டப் பார்க்கும் பவரைக் கொஞ்சம் கூட்டி ஒரு கண்ணாடி தருவான். வீட்டுக்கு வந்து "கடைசி வரி படிச்சேன்" என்று ஏதோ பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி சொல்வார். எங்கள் குடும்பத்தில் கண் என்றால் எழுத்து. படிக்க முடிந்தால் கண் இருக்கிறது.

காவேரிப் பாலத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அவருக்குக் கன்டோன்மென்ட்டில் ஆபீஸ், ஸ்கூட்டரில்தான் போய் வருவார். ஒருநாள் பாலத்தின் ஓரத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்த ஒரு ஆளை இடித்துத் தள்ளிவிட்டார். நல்லவேளை, அந்த ஆளுக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அவன் கேட்ட கேள்வி இவரை ஆட்டிவிட்டது.

"ஏன் சார், என்னைப் பாத்துக்கிட்டேதானே வந்தீங்க?"

வீட்டுக்கு வந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "அவனைப் பார்க்கவே இல்லைடி. திடீர்னு முன்னாடி முளைச்ச மாதிரி இருந்தான்." மறுநாள் நான் ஆட்டோ பிடித்துப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே எழுத்துப் பலகையை முதலில் முடித்துவிட்டார். கடைசி வரி. என்னைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு. அப்புறம் கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள், சொட்டு மருந்து விட்டுப் பின்நரம்பைப் பார்த்தார்கள், வெள்ளைக் கிண்ணம் போல ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் பட்டன் சத்தமே வரவில்லை. மெஷின் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அது எப்போதோ ஆரம்பித்திருந்தது.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. பேப்பரைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். இரண்டு வட்டங்கள், நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு.

"இது கண்ணுல நீர் அழுத்த நோய்ங்க. கிளாக்கோமான்னு சொல்வோம். பார்வை ஓரத்துல இருந்து அரிச்சுக்கிட்டே வரும், சுவத்துல கரையான் அரிக்கிற மாதிரி. நடுப் பார்வை கடைசிலதான் போகும். அதனாலதான் சார் எழுத்தெல்லாம் படிச்சிடறாரு."

"ஆனா எனக்கு கறுப்பா எதுவும் தெரியலையே டாக்டர்."

"தெரியாதுங்க சார். தெரியாத இடம்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்குத் தெரியாது."

போனது திரும்பி வருமா என்று கேட்டேன். வராது என்றார். சுற்றி வளைக்கவில்லை. அதற்காக அந்த அம்மாளை எனக்குப் பிடித்துவிட்டது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாற்றத்தான் மருந்து, ஆயுசுக்கும் ஒரு நாள் விடாமல் போட வேண்டும், நன்றாக இருக்கிறதென்று நாமாக நிறுத்தக் கூடாது என்றார். நாற்பது வயதில் ஒருமுறை இப்படி முழுசாகப் பார்த்திருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம், கண்ணாடிக் கடை டெஸ்டில் இது தெரியாது என்றும் சொன்னார். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. அப்புறம் கேட்டார்:

"குடும்பத்துல யாருக்காவது கண்ணு போயிருக்கா?"

"அப்பாவுக்கு கடைசி காலத்துல பார்வை இல்லை. ஆனா அது வயசு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கும் அதே நேரத்தில் அதே காட்சிதான் வந்திருக்க வேண்டும். மாமனார் கோயில் கோஷ்டியில் தினமும் பாசுரம் சேவித்தவர். கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கம் திருப்பித் திருப்பி, ஒரு எழுத்துப் பிசகாமல் ஓதுவார். எல்லாம் சின்ன வயதிலேயே நெட்டுரு போட்டது. அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை என்பது எந்த வருஷத்திலிருந்து என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்குள்ளேயே கிணற்றங்கரைக்கு வழி தெரியாமல் நின்ற அன்றுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். வயசாச்சு என்றோம், பெருமாள் சித்தம் என்றோம்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணா."

"உடனே கூட்டிட்டு வாங்க. உடனேன்னா உடனே. அவரு வயசுக்கு இந்நேரம் ஆரம்பிச்சிருந்தா, ஒவ்வொரு மாசமும் நஷ்டம்."

அந்த ஒரே வேலைதான் அப்புறம் எனக்கு வாழ்க்கையாக இருந்தது. இவர் கண்ணுக்கு மருந்து இருந்தது, பாட்டில் இருந்தது, செல்போனில் அலாரம் இருந்தது. அண்ணாவின் கண்ணுக்கு என்னைத் தவிர ஒரு நாதியும் இல்லை. இவரோ "அவர் முதல்ல என்னோட பேசட்டும்" என்று வீறாப்பாக உட்கார்ந்திருந்தார். நான் மன்னிக்கு, அதாவது அண்ணாவின் மனைவிக்கு, போன் பண்ணினேன். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். மன்னி நல்லவள், அப்படியே உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். பின்னாலிருந்து அண்ணாவின் குரல் எனக்கே கேட்டது.

"ஓஹோ! கல்யாணத்துல கண்டுக்காம போனதுக்கு இப்ப கண்ணு தெரியலைன்னு சாக்கா? நன்னா ஜோடிச்சிருக்கான்! எனக்கென்ன கண்ணுக்கு? வாரத்துல ரெண்டு நாள் பொன்னாங்கண்ணி சாப்பிடறேன். பேப்பர்ல பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாம படிக்கறேன். டெஸ்ட் பண்ணிக்கணுமாம்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வியாதி வந்து உண்மையைச் சொல்கிறது, அந்த உண்மையை மன்னிப்புக் கேட்காமல் தப்பிக்கக் கண்டுபிடித்த தந்திரம் என்று கணக்குப் போட்டுவிட்டார் கணிதப் பேராசிரியர். நான் டாக்டர் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து மன்னி போனுக்கு அனுப்பினேன். 'பார்த்துட்டேன்' என்று நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. கல்யாணப் பிள்ளை வெளியூரில் இருந்தான். அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்பாகிட்ட யார் சித்தி பேசறது?" என்றான். நீயாவது போய் டெஸ்ட் பண்ணிக்கோ என்றேன். லீவு கிடைக்கட்டும் என்றான்.

என் பிள்ளையை மட்டும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டேன். அவனுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. வருஷா வருஷம் வரச் சொன்னார்கள்.

மாதங்கள் ஓடின. ஒவ்வொரு செக்கப்பிலும் டாக்டர் முதல் கேள்வியாக "அண்ணா வந்தாரா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்போம். ஒருமுறை டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "சார், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருக்கோ எனக்குத் தெரியாது. ஆனா அது கண்ணை விடப் பெருசா?" என்றார். ஆட்டோவில் திரும்பும்போது பாலத்தில் இவர் காவேரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு காலைல அவர் பெருமாள் சேவிக்க வருவார். கால்ல விழுந்துடறேன்."

கோயிலுக்குள் மனிதர் காலில் விழும் வழக்கம் இல்லை. அதனால் வெளியே, ரங்கா ரங்கா கோபுரத்துக்கு முன்னால், துளசி மாலை விற்கும் கடைக்குப் பக்கத்தில் நின்றோம். இவர் புது வேஷ்டி கட்டி, பளிச்சென்று திருமண் இட்டிருந்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு பதற்றம் இல்லை. அண்ணா வந்தார். நிமிர்ந்த தலை, அதே மிடுக்கு நடை. இவர் கை கூப்பி நின்றார். பக்கத்தில் வந்ததும் விழ வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். அண்ணாவே தன்னைப் பார்க்கட்டும் என்று கூப்பிடாமல் நின்றார். அண்ணா கை எட்டும் தூரத்தில் வந்தார். கூப்பிய கைகளை ஒட்டியே நடந்தார். முகம் திரும்பவில்லை. போய்விட்டார்.

"பார்த்தியா?" என்றார் இவர். உதடு கோணிக்கொண்டு அழுகிற முகம். "கண்டுக்காம போறார். இவ்வளவு தூரம் வந்து நிக்கறேன், கண்டுக்காம போறார்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஓடிப்போய் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அதற்குள் அண்ணாவின் தோள் கடையில் தொங்கிய மாலைகளில் இடித்து இரண்டு மாலை அறுந்து விழுந்தது. "சாமி, பாத்துப் போங்க!" என்று கடைக்காரம்மா கத்தினாள். அண்ணா குரல் வந்த பக்கம் திரும்பினார். கண்ணைத் திருப்பவில்லை, தலையைத் திருப்பவில்லை, உடம்பையே முழுசாகத் திருப்பினார். திரும்பி, அவளை எங்கே என்று தேடினார். அந்தத் திருப்பம் எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டில் தினமும் பார்க்கிறேன்.

வாயில் வைத்திருந்த வசவெல்லாம் வற்றிப்போயிற்று.

"அண்ணா," என்றேன்.

"யாரு?" இன்னொரு முறை உடம்பு சுற்றியது. என்னைப் பிடித்துவிட்டார். "நீயா. என்ன வேணும்?"

"அண்ணா, அவர் உங்களைச் சேவிக்கணும்னு நிக்கறார்."

"எங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். அதற்குள் பின்னாலேயே வந்துவிட்ட தம்பி அவருடைய இடது தோளோடு தோளாக நின்றுகொண்டிருந்தார். அண்ணாவுக்கு அந்தப் பக்கம் தம்பி இல்லை, கோபுரம் இல்லை, தெரு இல்லை. இவருக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. வியாதிக்காரருக்கு வியாதி தெரியும். "அண்ணா, இங்கதான் இருக்கேன் அண்ணா" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் ஓவென்று அழுதார். காலில் விழ மறந்துபோனார்.

தோளோடு நின்ற தம்பி தெரியவில்லை என்பதே அண்ணாவுக்கு நிரூபணம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணா எழுத்துப் பலகையைப் படித்தார். வலது கண்ணில் கடைசி வரி. இடது கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னபோது, "லைட்டை ஏன் அணைச்சேள்?" என்றார். யாரும் லைட்டை அணைக்கவில்லை. இத்தனை நாளும் ஒரு கண் இன்னொரு கண்ணின் வேலையைச் சேர்த்துப் பார்த்து, அதன் சாவை மறைத்திருக்கிறது. வலது கண்ணிலும் சந்து போல ஒரு வழிதான் மிச்சம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் போன் பண்ணின அந்த மாதமே வந்திருந்தால் இந்தச் சந்து ஒரு தெரு அளவுக்காவது இருந்திருக்கும் என்றார். இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை. அண்ணா கணக்கு வாத்தியார், அவராகவே போட்டுப் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஆட்டோவில் ஏறும்போது, "கல்யாணத்துல அவன் நிஜமாவே பார்க்கலை இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

மருந்து போட்டார்கள், வலது கண்ணுக்கு ஆபரேஷனும் செய்தார்கள். அழுத்தம் குறைந்தது, ஆனால் ரொம்பத் தாமதம். சந்து மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே போயிற்று. இந்த வருஷம் மாமனார் ஸ்ராத்தம் உத்தர வீதியில் ஒன்றாகவே நடந்தது. தினமும் சாப்பாடு ஆனதும் இரண்டு பேரில் யாராவது ஒருவர் போன் பண்ணி "சொட்டு விட்டாச்சா?" என்று கேட்பார். "ஆச்சு" என்று பதில் வரும். வேறு பேச்சு அதிகம் இல்லை. இவர் கண் டாக்டர் வைத்த இடத்தில் நிற்கிறது. ஸ்கூட்டரை விற்றாயிற்று.

போன வாரம் இரண்டு பேரையும் நான்தான் பெருமாள் சேவிக்க அழைத்துப் போனேன். ஒரு கையில் இவர், ஒரு கையில் அண்ணா. எங்கள் பெருமாள் நீளமாகச் சயனித்திருக்கிறவர், உள்ளே இருட்டு. யாராலும் ஒரே பார்வையில் முழுசாகச் சேவிக்க முடியாது. அர்ச்சகர் விளக்கைத் தூக்கித் திருவடியில் ஆரம்பித்து மெதுவாகத் திருமுகம் வரை காட்டுவார். அந்த வெளிச்சம் போகிற வழியாகத் துண்டு துண்டாகத்தான் எல்லோரும் சேவிப்பார்கள். இத்தனை வருஷமாக இந்த அண்ணன் தம்பியின் கண்ணில் குறை இருப்பது இங்கே தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இங்கே எல்லாருக்கும் சந்து அளவுதான் தெரியும்.

அர்ச்சகர் திருவடியைக் காட்டினார். விளக்கு நகர்ந்தது. திருமுகத்தில் வந்து நின்றது. "சேவிச்சுக்கோங்கோ, நகருங்கோ" என்றார்கள். அண்ணா இரண்டு கையையும் கூப்பி, கண்களை அகலத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் அண்ணா. "இன்னும் விளக்கு வரலையே."